பிளாஸ்டரை வலிக்காமல் எடுப்பது எப்படி?

டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெரியவர்களின் புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டியபடியே இருக்கும். "பட்டென்று இழுத்துடு, வலியே தெரியாது" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வயதானவர்களின் தோல் மெலிந்திருக்கும். பசையோடு மேல்தோலும் உரிந்து வந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆற நாளாகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ தொட்டு, பிளாஸ்டரின் ஓரமெல்லாம் தடவி ஐந்து, பத்து நிமிடம் ஊற விடுங்கள். மைக்ரோபோர் (காகிதம் போன்ற பிளாஸ்டர்) என்றால் மேலேயும் தடவலாம், உள்ளே இறங்கும். அடியில் தையலோ ஆறாத புண்ணோ இருந்தால் எண்ணெய் வேண்டாம். ஊசி இன்னும் உள்ளே இருந்தால் தொடவே தொடாதீர்கள், நர்ஸ்தான் எடுக்க வேண்டும்.

ஊறியதும் ஒரு மூலையை விரல் நுனியால் மெல்லக் கிளப்புங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். கிளம்பிய முனையைப் பின்பக்கமாக மடித்து, தோலை ஒட்டினாற்போலவே நகர்த்துங்கள். மேலே தூக்கினால்தான் தோலும் கூடவே எழும்பி வலிக்கும். இன்னொரு கை விரலால், பசை விடுகிற இடத்துத் தோலை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டே வாருங்கள். முடி படிந்திருக்கும் திசையிலேயே போனால் முடி பிடுங்காது. எங்காவது பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அவசரமே இல்லை.

கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டுக்கு வழி வேறு: ஒரு ஓரத்தைப் பிடித்து, தோலோடு கிடைமட்டமாகப் பக்கவாட்டில் இழுங்கள். ரப்பர் மாதிரி நீளும்போது பசை தானாக விட்டுவிடும்.

அப்புறம், தோலில் மிஞ்சும் அந்தப் பசைப் பிசுக்கு. தூசி படிந்து ஓரம் கட்டிக் கறுத்திருக்கும். மறுபடி எண்ணெய் தடவி, விரலால் வட்டமாகத் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் தோலை எரிக்கும், வேண்டாம். அதே இடத்தில் புது பிளாஸ்டர் போட வேண்டுமானால் எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது.

எடுத்ததும் தோல் சற்றுச் சிவந்திருப்பது சகஜம். மறுநாளும் சிவப்பு, அரிப்பு, கொப்புளம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னால், அதைச் சீட்டில் எழுதி வாங்கி, அடுத்த முறை ஊசி போடும் முன்பே நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.