பழைய சாவி வாட்ச்: நான் செய்து தொலைத்த தவறுகள்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே அவன் அப்பா வழித் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச். கண்ணாடி முழுக்கக் கீறல், பட்டை கிடையாது, டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில் டீ சிந்தியது போல ஒரு பழுப்புக் கறை.

"மாமா, பீரோவில் கிடந்தது. ஆபீசுக்குத் தினமும் கட்டலாம்னு பார்க்கிறேன். டயலுக்கு பெயின்ட் அடித்து, கேஸைப் பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தர ஒரு கடை இருக்காம். ஐநூறு ரூபாய்தான்."

வாட்சை அவனிடமிருந்து வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவன் கொஞ்சம் பயந்துபோய்ப் பார்த்தான். அந்த ஐநூறு ரூபாய் வேலையைப் பற்றிக் கீழே நிறையவே எழுதியிருக்கிறேன்.

பதினைந்து வருடமாகச் சாவி வாட்ச்தான் கட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் புதிதாக ஆசைப்பட்டு வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் முக்கால்வாசியை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். கீழே போடக்கூடாது, மழையில் நனைக்கக்கூடாது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது வாட்சே கட்டாதவருக்கும் தெரியும்.

முழுச்சாவி கொடுக்கப் பயப்படுவது

"ஓவராகச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும்" என்று யாரோ ஒரு பெரியப்பா சொல்லியிருப்பார். நானும் அதை நம்பி முதல் ஒரு வருடம் பத்துச் சுற்றோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். மாலை ஆனால் வாட்ச் தள்ளாடும், நடுராத்திரியில் நின்றுவிடும். கடைக்காரரிடம் போய் "ரிப்பேர்" என்று நீட்டினேன். அவர் வாங்கி, மெதுவாக முழுச்சாவியும் கொடுத்து, "சாப்பாடு போடாமல் வேலை வாங்கினால் எப்படி சார்?" என்றார். காசு வாங்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சாவியைத் திருகத் திருக ஒரு கட்டத்தில் 'இதற்கு மேல் வராது' என்று விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதையும் தாண்டி முரட்டுத்தனமாகத் திருகினால்தான் ஆபத்து. பாதிச் சாவியில் ஓடும்போது, நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் குறைந்த வீச்சில்தான் ஆடும், நேரமும் ஒரு சீராக இருக்காது. தினமும் ஒரே வேளையில் கொடுப்பது நல்லது. எனக்குக் காலை காபி நேரம்.

கையில் கட்டியபடியே சாவி கொடுப்பது

கழற்றிவிட்டுக் கொடுங்கள். சாவித் தண்டு பக்கவாட்டில் வளையும்.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடும் என்று நம்புவது

ஓடும். ஓடுவதுதான் பிரச்சினை. பழைய எண்ணெய் பல வருடத்தில் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும், அதில் தூசியும் சேர்ந்திருக்கும். அதன்மேல் புது எண்ணெய் விட்டால் எல்லாம் குழைந்து அரைக்கும் பசை போல ஆகி, சக்கரங்களின் அச்சு முனைகளைத் தேய்க்கும். பேலன்ஸ் அச்சின் முனை தலைமுடிக் கனம்தான். அது தேய எவ்வளவு நாள் ஆகும்? வெளியே ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வருடம் நன்றாகவே ஓடும்.

நல்ல சர்வீஸ் என்றால் முழுதும் பிரித்துக் கழுவ வேண்டும். என் வழக்கமான மாஸ்டர் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கழற்றிய சக்கரங்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்து, ஃபேன் காற்றும் தூசியும் படாமல் இருக்கக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினார். எண்ணெய் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஊசி முனையில் இருந்ததைச் சொட்டு என்று சொல்லவே முடியாது, ஒரு மினுக்கல், அவ்வளவுதான். பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும் என்றார். "பத்து நிமிஷத்தில் சர்வீஸ் பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் செய்யப்போவது சர்வீஸ் இல்லை.

டயலுக்கு பெயின்ட் அடிப்பது

இனி அந்த ஐநூறு ரூபாய்.

1978இல் என் அப்பாவுக்குக் கல்யாணத்தின்போது மாமனார் போட்டது ஒரு ஜனதா. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றால் எங்கள் பக்கம் வெகுகாலத்துக்கு அதுதான். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஓடாத நாட்களில், ஆயா அப்பாவின் கையைப் பார்த்துத்தான் மணி அடிப்பார். பட்டை மாட்டுகிற இடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள் அப்பியிருக்கும். டயல் பாலாடை நிறம், ஓரத்தில் மட்டும் வியர்வை இறங்கிப் பழுத்திருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு அது நின்றுபோய்க் கிடந்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதைப் 'புதுசு' ஆக்கிக் கொடுத்து அசத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு கடையில் கொடுத்தேன். முந்நூற்றைம்பது ரூபாய், நான்கு நாள்.

திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது, எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டயல் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை. '17 ஜுவல்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய இடத்தில் கடைசி 'எஸ்' இல்லை. இந்தியில் இருந்த 'ஜனதா'வின் தலைக்கோடு நடுவில் விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டு மணிக் கோடு ஒரு இழை இடப்பக்கம் தள்ளி நின்றதால், சரியாக உச்சிவேளையிலும் முள் கோட்டைத் தாண்டி நின்றது. கேஸைப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்ததில் கூரான விளிம்பெல்லாம் மழுங்கி, முலாம் போன இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. சாக்பீஸ் தூளும் போயிருந்தது.

அப்பா அதை வாங்கிக் கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார். "நல்லாருக்கே. எவ்வளவுடா ஆச்சு இது?"

"உங்க வாட்சுதான்ப்பா."

"அப்படியா." இரண்டு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். அப்புறம் ஒருநாளும் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைத் திரும்பச் சரிசெய்ய வழி கிடையாது. டயல் என்பது மெல்லிய உலோகத் தகடு. அதன்மேல் பூச்சு, அதற்கும் மேல் மென்மையான அச்சால் ஒற்றி எடுத்த பொடி எழுத்து. புதுசு ஆக்குகிறவர் முதலில் செய்வது இவை எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பது. பிறகு ஸ்பிரே அடித்து, தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு அச்சை வைத்து எழுத்தைப் பதிப்பார். அடியில் பழைய டயல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து மேலே இருப்பதைச் சுரண்டினால் வெறும் தகடுதான் வரும். கம்பெனி டயல் வாங்கி மாட்டலாமே என்றால், எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்துவிட்டது. யாராவது பழைய கடைக்காரரின் டப்பாவில் மிச்சமிருந்தால் உண்டு. கிடைத்தாலும் அது அப்பாவின் டயல் ஆகாது.

எரிச்சல் என்னவென்றால், இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆன்லைனில் ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில்நீலம் என்று மினுக்கும் எச்.எம்.டி. பைலட்களைப் பார்த்திருப்பீர்கள். 'அரிய பழைய வாட்ச்' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று செத்த வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து டயலுக்கு பெயின்ட் அடித்தவை. சேகரிப்பவர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். மும்பைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் நான் வைத்ததில்லை. முதல்முறை வாங்குகிறவர்கள் நேராகப் போய் விழுவது இதில்தான். நல்ல கறைபடிந்த அசலைப் பக்கத்தில் வைத்தால் அது அழுக்காகத் தெரியும், இது ஜொலிக்கும். நானும் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

வாங்கும் முன் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், பெயின்ட் எழுத்து ஊறிப்போனது போலத் தடித்திருக்கும். நிமிடக் கோடுகளின் இடைவெளி சமமா, மணிக் குறிகளோடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். முள் மாட்டியிருக்கும் துளையின் ஓரத்தில் பெயின்ட் திரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐம்பது வயது வாட்சில் டயல் மட்டும் நேற்றுப் பிறந்தது போல இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

டயலில் எழுத்தே தெரியாமல் முழுக்க உரிந்துபோயிருந்தால், அது வேறு கதை, பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். கறைக்காக அடிக்காதீர்கள். உங்களை உறுத்துவது பெரும்பாலும் கண்ணாடிக் கீறல்தான். இந்த வாட்ச்களில் பெரும்பாலும் இருப்பது அக்ரிலிக் கண்ணாடி. பஞ்சில் வெள்ளைப் பற்பசையை எடுத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் லேசான கீறல் மறையும். ஆழமாக இருந்தால் புதுக் கண்ணாடி மாட்டுங்கள், செலவு கம்மி. அக்கா மகனின் வாட்சுக்கு அதுதான் செய்தோம். கண்ணாடி மாறியதும் அந்த டீக்கறை அவனுக்கே பிடித்துப்போய்விட்டது.

காந்தத்தை மறப்பது

நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால், பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் ராத்திரி அதை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். எனக்கு டேப்லெட் உறையின் மூடிக் காந்தம். ஒரு வாரம் அதன்மேலேயே கழற்றி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர், கைப்பை மூடி, இப்போது வருகிற காந்தச் சார்ஜர் எல்லாமே ஆகாது. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல ஆகிவிடும், பேலன்ஸ் அவசரப்படும். ஒரு சாதாரண திசைகாட்டியை வாட்சின் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடும். கடையில் காந்தம் எடுக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. இதற்காக நான் ஒருமுறை முழு சர்வீஸுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரியில் தேதி மாற்றுவது

ஜனதாவில் தேதி இல்லை, தப்பித்தது. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த சீகோ 5 இருந்தால், இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதியைத் தொடாதீர்கள். பல் உடையும்.

ரேடியத்தைச் சுரண்டுவது

இருட்டில் ஒளிரும் பழைய முள்ளை நாம் பொதுவாக 'ரேடியம்' என்போம். 1960களிலோ அதற்கு முன்போ வந்த வாட்ச் என்றால் அது நிஜமாகவே ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே, செத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. செத்தது ஒளிரும் பூச்சுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். பின்மூடியைத் திறந்து ஊதுவதும், முள்ளைப் பிளேடால் சுரண்டுவதும் வேண்டவே வேண்டாம், தூள் மூக்கில் ஏறும். அப்படிப்பட்ட வாட்சை நான் தினமும் கட்டவும் மாட்டேன்.

செல்போனோடு போட்டி வைப்பது

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. காலை, மதியம், ராத்திரி என்று செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இருபது நொடி பின்தங்கினால் முகம் வாடிவிடும்.

ஜனதா மணிக்கு 18,000 முறை துடிக்கிறது, நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு நாளில் இருபது நொடி பிழை என்பது 0.0231 சதவீதம். அதன் உள்ளே இருக்கும் மெஷினின் மாடல் எண்ணும் 0231. தற்செயல்தான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஒரு குட்டி சந்தோஷம்.

பிழையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ராத்திரி கழற்றி வைக்கும் விதத்தை மாற்றினாலே சில நொடிகள் கூடும், குறையும். டயல் மேலே பார்க்கப் படுக்க வைப்பது ஒரு கணக்கு, சாவி கீழே வரும்படி நிறுத்தி வைப்பது ஒரு கணக்கு. பகலில் முந்துவதை ராத்திரியில் பின்தங்க வைத்து ஈடுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவெல்லாம் மெனக்கெடுவதில்லை, திங்கள்கிழமை காலை ரயில் நிலையத்தில் நிற்கும்போது ஒருமுறை சரிசெய்துகொள்வேன்.

நேற்று அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, ரெண்டு நாளில் நாற்பது செகண்ட் லேட்."

"ஆபீசுக்கு லேட்டா போனியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டேன்.