தொட முடியாதவரை எப்படிக் குத்துவது? மைதானா காட்டிய வழி

ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிரே நிற்பவர் தற்காப்பில் கில்லாடி. நீங்கள் விடும் குத்தெல்லாம் காற்றில் போகிறது, இரண்டே ரவுண்டில் கையும் மனமும் சோர்ந்துவிடுகின்றன. குத்துச்சண்டைக்குப் புதியவர்கள் எல்லோரும் இதைச் சந்திப்பார்கள். அவர்களை நான் பார்க்கச் சொல்வது ஒரே சண்டைதான்: 2014 மே 3, லாஸ் வேகாஸ், தற்காப்புக்குப் பேர்போன ஃபிளாய்ட் மேவெதரும் மார்கோஸ் மைதானாவும்.

அர்ஜென்டினாக்காரரான மைதானா அன்று தோற்றார். ஆனால் 858 குத்துகள் விட்டு 221-ஐ இறக்கினார். மேவெதர் இறக்கியது 230. மதிப்பெண் போட்ட மூவரில் ஒருவர் 114-114 என்று சமமாகக் கொடுத்தார். மேவெதரை அந்த அளவுக்கு நெருக்கியவர்கள் மிகச் சிலர்.

முதலில் அவருடைய நிலையைப் படியுங்கள்

மேவெதர் நிற்பது 'ஷோல்டர் ரோல்' நிலையில். இடது கை வயிற்றுக்குக் குறுக்கே தாழ்ந்திருக்கும், இடது தோள் உயர்ந்து தாடையை மறைக்கும், வலது கை கன்னத்தருகே காத்திருக்கும். நேராக வரும் வலது குத்து அந்தத் தோளில் பட்டு வழுக்கிப் போகும். உடனே அவருடைய வலது கை உங்கள் முகத்துக்கு வரும்.

படி 1: தலையை மறந்து நெஞ்சைக் குத்துங்கள்

தலை நொடியில் விலகும், நெஞ்சு அப்படி விலகாது. முழங்காலை மடக்கி உடம்பை இறக்கி, நெஞ்சுக்கு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் சட்டென்று நேராக விடும் குத்து) விடுங்கள். வலிக்க வேண்டும் என்பதில்லை, அவருடைய சமநிலை குலைந்தால் போதும். ஜாபை நிறுத்தவும் கூடாது. 2007-இல் மேவெதரோடு மோதிய ஆஸ்கார் டி லா ஹோயாவுக்கு முதல் பாதியில் ஜாப்தான் கைகொடுத்தது. பிற்பாதியில் அதைக் குறைத்தார், சண்டையும் கைநழுவிப் போனது.

படி 2: துரத்தாதீர்கள், வழியை மறியுங்கள்

இதைத்தான் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகும், ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் பலிக்காது. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் பின்னாலேயே போகக் கூடாது. அவர் போகப்போகும் இடத்துக்கு நீங்கள் பக்கவாட்டில் ஓரடி வைக்க வேண்டும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. அவர் வலப்பக்கம் திரும்பினால் நீங்களும் அந்தப் பக்கம். இப்படி ரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினால் அவர் முதுகு கயிற்றைத் தொடும். முதல் சில ரவுண்டுகளில் மைதானா சாதித்தது இதைத்தான்.

படி 3: கயிற்றருகே கிடைப்பதையெல்லாம் குத்துங்கள்

விலா, வயிறு, புஜம், தோள் எல்லாம் இலக்குதான். புஜத்தில் விழும் குத்துக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் கை கனக்கும், தோள் இறங்கும். அப்போது ஓவர்ஹேண்ட் வலது: நேராக அல்ல, அந்தத் தோளுக்கு மேலே வளைந்து இறங்குகிற குத்து. அவர் கட்டிப்பிடித்தால், ரெஃப்ரி பிரிக்கும்வரை விடுபட்ட கை விலாவில் வேலை செய்யட்டும்.

ஒற்றைக் குத்தோடு நிற்பதுதான் ஆபத்து, எதிர்க்குத்து அப்போதுதான் வரும். மூன்று நான்காகச் சேர்த்து விடுங்கள். முடித்ததும் கையைத் தாடைக்குக் கொண்டுவந்துவிட்டு, பக்கவாட்டில் விலகுங்கள்.

படி 4: மூச்சைப் பங்கிடுங்கள்

என் மனம் இன்னும் ஆறாத இடம் இது. மைதானா பிற்பாதியில் தளர்ந்தார். மேவெதர் ரிங்கின் நடுவுக்கு வந்து, தெளிவாகக் குத்தி ரவுண்டுகளை எடுத்துக்கொண்டார். ரவுண்டின் முதல் நிமிடத்தில் அழுத்தம், நடுவில் ஜாபும் கால் வேலையும், கடைசி முப்பது நொடியில் மறுபடி அழுத்தம் என்று பிரித்துக்கொண்டால் நீங்கள் தாங்குவீர்கள்.

இந்த வாரப் பயிற்சி

தலைக்கவசமும் பல் காப்பும் கட்டாயம், கோச்சும் அருகில் இருக்கட்டும். முதல் இரண்டு ரவுண்டு குத்தே வேண்டாம், நண்பரை மூலைக்குக் கொண்டுபோவது மட்டும். அடுத்த இரண்டு ரவுண்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மட்டும் மெல்லிய குத்துகள். தலைக்கு ஒன்றுகூட விடாதீர்கள், அவர் எவ்வளவு அருகில் காட்டினாலும் சரி.