நூற்பு, பின்னல், நாவல்: ஒரு வார விடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நூற்கப் பழகிய மூன்று பேரோடு அண்மையில் ஒரு வாரம் சேர்ந்து இருந்தேன். காலையில் ராட்டை, மதியம் நாவல், மாலையில் பின்னல் என்பது திட்டம். மூன்றாம் நாளே அவர்களில் ஒருவர் தன் முதல் சிட்டத்தை, அதாவது நூற்றுச் சுற்றிய நூல்கட்டை, கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதை வைத்து ஸ்வெட்டரை ஆரம்பிக்கட்டுமா? மீதி நூலை அப்புறம் பின்னப் பின்ன நூற்றுக்கொள்கிறேன்" என்று கேட்டார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அன்றைக்கு என்னைத் தடுக்க ஆள் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கண்ணி, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையம், நழுவுவது, நூல் அறுவது, வரிசையை எண்ண மறப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை அன்றே கண்ணில் படும், அன்றே சரியாகிவிடும். வாரக் கடைசியில் மொத்தமாகத் தெரியவரும் தவறுகள்தான் ஆளை உட்கார வைத்துவிடும்.

## எல்லா நூலையும் நூற்று முடிக்காமல் பின்னத் தொடங்குவது

கையால் நூற்கும் நூல் வாரம் முழுக்க ஒரே பருமனில் வராது. முதல் நாள் விரலில் பயம் இருக்கும். அறுந்துவிடுமோ என்று ஆட்டு ரோமத்தைத் தாராளமாக விட்டுவிடுவோம், நூல் தடிப்பாக வரும். மூன்றாம் நாள் கை பழகிவிடும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு மெலியும் என்பது யோசிக்காமலே தெரியும். அங்கிருந்து நூல் மெலிந்துகொண்டே போகும். இது குறையே இல்லை, கை தேறுகிறது என்பதன் அடையாளம். ஆனால் இந்த மெலிவு துளித்துளியாக நடப்பதால் நூற்பவருக்குத் தெரியாது. நேற்றைய நூலையும் இன்றைய நூலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பிடிபடாது. முதல் நாள் நூலையும் ஆறாம் நாள் நூலையும் வைத்துப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

ராட்டையும் இதற்குத் துணைபோகும். நூல் சுற்றிக்கொள்ளும் உருளையான பாபின் நிறைய நிறைய, அது நூலை உள்ளிழுக்கும் வேகம் மாறும். பிரேக் கயிற்றை அவ்வப்போது கொஞ்சம் இறுக்காவிட்டால் நூல் கையிலேயே தங்கி, முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இதோடு நாவலும் சேர்ந்துகொள்கிறது. நூற்கும்போது கண்ணும் கையும் ஓய்வாக இல்லாததால் பலரும் ஒலிப்புத்தகம் கேட்பார்கள், நானும் கேட்பேன். கதை விறுவிறுப்பான இடத்துக்கு வந்ததும் கால் தன்னையறியாமல் வேகமாக மிதிக்கும், இழுக்கும் கை அதே வேகத்தில்தான் போகும். அந்த அத்தியாயம் முழுக்க நூலில் முறுக்கு கூடுதலாக விழுந்திருக்கும். என் பழைய பாபின் ஒன்றைப் பிரித்தால் எந்த இடத்தில் கதை சூடுபிடித்தது என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

நான் செய்தது இதுதான். கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றுக்காக மூன்று நாள் நூற்ற நூலில் முதுகுப் பக்கத்தைப் பின்னினேன். 100 கண்ணி, 140 வரிசை. 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 28 வரிசையும் வந்ததால் அகலமும் 50 செ.மீ., நீளமும் 50 செ.மீ. பிறகு வந்த மூன்று நாள் நூலில் முன்பக்கம். அதே ஊசி, அதே 100 கண்ணி, அதே 140 வரிசை. எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லை. பக்கத் தையல் போடுவதற்காக ஒன்றின் மேல் ஒன்றை விரித்தபோது முன்பக்கம் எல்லாப் பக்கமும் உள்வாங்கி நின்றது. அளந்து பார்த்தால் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 31 வரிசை. அகலம் 45 செ.மீ.க்குச் சற்று மேல், நீளம் 45 செ.மீ. அகலத்திலும் நீளத்திலும் ஏறத்தாழ ஐந்து ஐந்து சென்டிமீட்டர் காணோம்.

நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தும் பார்த்தேன். அகலம் வந்தது. துணியோ வலை மாதிரி ஆகிவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. சரி, பிரித்துவிட்டு வேறு நூல் நூற்கலாம் என்றால் ரோமம் மிச்சமில்லை. பின்னியதைப் பிரித்து நூலாக்கலாம், நூற்றதைப் பிரித்து ரோமமாக்க முடியாது. கடைசியில் இரண்டு பக்கத்தையும் பிரித்து, தடித்த நூலையும் மெலிந்த நூலையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னி முடித்தேன். ஒரு வாரப் பின்னல் முழுக்க இரண்டு முறை.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருவது, இதைத் தடுக்க இரண்டு நிமிடம் போதும் என்பதை நினைத்துத்தான். ஓர் அளவுகோலில் நூலை நெருக்கமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும், அவ்வளவே. என் முதல் சிட்டத்தில் 9 சுற்று, கடைசிச் சிட்டத்தில் 12. பிரித்த பிறகு எண்ணிய கணக்கு இது. பின்னுவதற்கு முன்னால் எண்ணியிருக்க வேண்டியது.

ஆகவே நூற்பின் முதல் மணி நேரத்தில், நூல் உங்களுக்குப் பிடித்த பருமனுக்கு வந்ததும், ஒரு முழம் நூலை வெட்டி ஓர் அட்டையில் சுற்றி ராட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையில் ஓடும் நூலை அட்டையின் மேல் பிடித்துப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், அட்டையை நம்புங்கள். அத்தியாயம் மாறும்போதெல்லாம் பார்ப்பது நல்ல வழக்கம்.

இன்னொன்று, எல்லா ஒற்றைப் புரியையும், அதாவது தனி இழையையும், நூற்று முடித்த பிறகே இரண்டு இழைகளைச் சேர்த்து இரட்டைப் புரி முறுக்குங்கள். அப்படி முறுக்கும்போது முதல் நாள் பாபினைக் கடைசி நாள் பாபினோடு சேருங்கள். தடித்ததும் மெலிந்ததும் ஒன்றாகச் சேர்ந்து எல்லாச் சிட்டமும் ஏறத்தாழ ஒரே பருமனுக்கு வந்துவிடும். அதையும் மீறி வித்தியாசம் இருந்தால் இரண்டு உருண்டைகளை வைத்து இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றிப் பின்னலாம்.

என்னிடம் கேட்ட அந்தப் பெண்ணின் சிட்டத்தையும் அன்றைய பாபினையும் அளவுகோலில் சுற்றிக் காட்டினேன். மூன்றே நாளில் 8 சுற்று 10 சுற்றாகியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் சிட்டத்தை உள்ளே வைத்துவிட்டு மறுபடி ராட்டையில் உட்கார்ந்தார்.

## கழுவாத நூலில் மாதிரி பின்னுவது

பாபினில் இருக்கும் நூல் இழுபட்ட நிலையில் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்ததும் அது உப்பிக் குறுகும். அளவு பார்க்கப் பின்னும் சிறு துண்டுதான் மாதிரி. கழுவாத நூலில் பின்னிய மாதிரி வேறு ஒரு நூலின் கணக்கைத்தான் சொல்லும். சிட்டத்தைக் கழுவிக் காயவைத்து, மாதிரியைப் பின்னி, அதையும் கழுவிக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். மாதிரியின் ஓரங்கள் சுருளும், அங்கே கண்ணிகளும் சீராக இருக்காது. எனவே 15 செ.மீ. சதுரமாகப் பின்னி நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் எண்ணுங்கள்.

வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியும் வட்டப் பின்னலாகவே இருக்கட்டும். சாதாரணப் பின்னலைத் தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை முன்கண்ணி (knit), அடுத்தது பின்கண்ணி (purl); வட்டத்தில் முன்கண்ணி மட்டுமே. இந்த இரண்டுக்கும் பலருடைய கை ஒரே இறுக்கத்தில் வராது.

## இரட்டைப் புரியை அதே திசையில் முறுக்குவது

ஒற்றைப் புரி வலப்பக்கம் சுழன்றால் இரட்டைப் புரி இடப்பக்கம் சுழல வேண்டும். பாபினில் சின்ன அம்புக்குறி போட்டு வைத்தால் போதும்.

## சுடுதண்ணீர்

சூடு தனியாகக் கெடுப்பதைவிட, சூடான தண்ணீரில் கசக்குவதும் அங்கிருந்து எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடுவதும்தான் கம்பளியைக் கட்டியாக்கும். ரோமத்தின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் பிறகு பிரியாது.

## பூவேலை வரிசையோடு துப்பறியும் நாவல்

வேண்டாம்.

## அத்தியாயம் முடிந்ததும் ஊசியைக் கீழே வைப்பது

சாதாரணப் பின்னலுக்கு நாவல் அருமையான துணை. புத்தகம் விரித்தபடி நிற்க ஒரு தாங்கி இருந்தால் கை இரண்டும் பின்னலுக்குக் கிடைக்கும். கதை நிற்கும் இடமும் வரிசை முடியும் இடமும் ஒன்றாக இருக்காது என்பதுதான் தொல்லை. அத்தியாயம் முடிந்த மகிழ்ச்சியில் வரிசையின் நடுவிலேயே வைத்துவிட்டு எழுந்து போவோம். திரும்பி வந்து ஊசிகளை மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னத் தொடங்கிவிடுவோம். சில வரிசைக்குப் பிறகு நடுவில் ஓர் ஓட்டையும், ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த துணியும் தெரியும்.

வரிசையை முடித்துவிட்டு எழுங்கள். கதையில் அரைப் பக்கம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. அவசரமாக நடுவில் வைத்துவிட்டால், வந்ததும் உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறது என்று பாருங்கள். வலக்கையால் பின்னுபவருக்கு அந்த ஊசி வலக்கையில் இருக்க வேண்டும்.

## மூன்றும் ஓய்வு என்று நினைப்பது

ராட்டையிலிருந்து பின்னலுக்கு மாறினால் கைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று தோன்றும். ரோமத்தைப் பிடிப்பதும், ஊசியைப் பிடிப்பதும், தடித்த நாவலை ஒரு கையில் விரித்துப் பிடிப்பதும் அதே கட்டைவிரலின் வேலை. நாலாம் நாள் மணிக்கட்டில் வலி வந்தால் காரணம் இதுதான். அரை மணிக்கு ஒருமுறை கையைக் காலியாக வையுங்கள். புத்தகத்தை மடியிலோ தாங்கியிலோ வையுங்கள், அதுவும் கனமென்றால் அன்றைக்கு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.