அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டைத் தட்டிப் பாருங்கள்

பழைய வீடு விலைக்கு வந்தால் புதுப் பெயிண்ட் வாசனையும் கூடவே வரும். போன தை மாதம் என் தங்கை மருமகன் திருநெல்வேலியில் பெருமாள்புரம் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க, நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்" என்றார். 1994-இல் கட்டிய வீடு, 900 சதுர அடி. தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், இரண்டு அறை, அடுக்களை. சுவரெல்லாம் சந்தனக் கலரில் பளிச்சென்று இருந்தது. பட்டாசல் மூலையில் மட்டும் ஒரு புத்தம்புது அலமாரி. வேறெந்த அறையிலும் அலமாரியே இல்லை. அதன் பின்னால் டார்ச் அடித்தேன். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவரில் உப்பு பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் பூச்சு மாவாகக் கொட்டியது.

எனக்குக் கொத்து வேலையில் 35 வருஷம். கீழே சொல்கிற தொகையெல்லாம் கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில் பாளையங்கோட்டை, டவுன் பக்கம் நான் வேலை பார்த்த கணக்கு நோட்டில் உள்ளவை. கொத்தனாருக்கு நாள் சம்பளம் 1,100, கையாளுக்கு 750 என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

முதலில் நேரம். சித்திரை வெயிலில் எந்த வீடும் யோக்கியமாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலில் போய், மேற்குச் சுவரை உள்பக்கமாகக் கையால் தொட்டுப் பாருங்கள். காற்றோடு அடிக்கிற சாரல் அந்தச் சுவரைத்தான் நனைக்கும்.

உள்ளே போனதும் தரையைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். காசு போகிற இடம் அதுதான். ஒட்டடைக் கம்பை எடுத்து மேல்தளத்தின் அடிப்பக்கத்தை ஒரு முழத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் பூசணிக்காயைத் தட்டின மாதிரி 'பொத்'தென்று கேட்கும். துரு பிடித்த கம்பி உப்பும். உப்பினால் அடியில் இருக்கிற முக்கால் அங்குலக் காரையைத் தள்ளிவிடும். அப்போது கான்கிரீட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். பெயர்ந்த இடத்தில் சும்மா சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து மறைப்பதுதான் விற்கிறவர்கள் செய்கிற வேலை. கண்ணை ஏமாற்றலாம், சத்தத்தை ஏமாற்ற முடியாது. முறையாகச் செய்வதென்றால் தளர்ந்ததை உடைத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுக்கும் மருந்து அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூச வேண்டும். சதுர அடிக்கு 300 ரூபாய் ஆகிறது. இரண்டு மூன்று இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தால் செய்யலாம். அறை முழுக்க அப்படி என்றால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

அப்புறம் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு ஏறுங்கள். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு வேண்டும். நடுவில் தேங்கி நின்றால் கீழே ஒழுக்கு நிச்சயம். சும்மா ரப்பர் பெயிண்ட் அடிக்கச் சதுர அடிக்கு 40 ரூபாய்தான், ஆனால் வாட்டம் கெட்ட தளத்தில் அது மூன்று மழைக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. வாட்டம் எடுத்து ஓடு பதிக்க 110 ரூபாய். வலிக்கும், ஆனால் ஒரு தடவையோடு போகும்.

இனி அந்த அலமாரிக்கு வருவோம். சுவரில் ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் காரணத்தைச் சொல்லும். தரையிலிருந்து ஏறினால் ஓதம், மேலிருந்து இறங்கினால் தளத்து ஒழுக்கு. ஒரே ஒரு சுவரில் மட்டும் என்றால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெருமாள்புரத்து வீட்டில் மறுபக்கம் குளியலறை. அன்று ராத்திரி தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே நாலு விரல். சுவருக்குள் ஒரு எல்போ, குழாய் வளைகிற இடத்து இணைப்பு, விட்டிருந்தது. அதை மாற்ற 6,500. கெட்டுப்போன பூச்சைச் செங்கல் தெரிகிற வரை கொத்தி, மறுபடி பூச 80 சதுர அடிக்கு 4,800. குழாயைப் பார்க்காமல் பூச்சை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த தையில் இன்னொரு அலமாரி வாங்க வேண்டியதுதான்.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டின பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும். என் அப்பா கட்டைக்குத்து மச்சு என்கிற பழைய காலத்துச் சுண்ணாம்புக் காரை மேல்தளம் போட்டவர். இதை அவர் சொல்லிச் சொல்லியே எனக்குக் காது புளித்துப் போனது.

விரிசலில் பயப்பட வேண்டியது குறுக்காக, ஜன்னல் மூலையிலிருந்து சாய்ந்து போகிற விரிசலுக்கு. ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழைகிற அகலம் இருந்தால் அஸ்திவாரம் அசைந்திருக்கலாம். கயத்தாறுப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது சகஜம். மழையில் மண் உப்பும், வெயிலில் சுருங்கும், வீடும் கூடவே ஆடும். இதற்கு நான் தொகை சொல்ல மாட்டேன், ஒரு பொறியாளரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். தலைமுடி மாதிரி மெல்லிசாகப் பூச்சில் ஓடுகிற கீறல் ஒன்றும் செய்யாது.

ஆற்றோரம் வாங்குகிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18-ஐ மறக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறைப் பக்கம் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. விற்கிறவர் "நம்ம தெருவுக்கு வரல" என்பார். மீட்டர்ப் பெட்டியின் உள்பக்கம், பரண் ஏணி, புறவாசல் கதவின் பின்பக்கம் இதையெல்லாம் பாருங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்டால் எத்தனை அடி என்று கணக்காகவே சொல்லிவிடுவார்.

கரண்டுக்கு எலக்ட்ரீசியனைக் கூட்டிப் போங்கள். பழைய மரப் போர்டும் பீஸ் கட்டையும் இருந்தால் மொத்த ஒயரிங்கும் மாற்ற வேண்டும், 900 சதுர அடிக்கு 80,000-க்குக் குறையாது. இங்கே ஒயர் நன்றாக இருந்தது, எர்த் மட்டும் இல்லை. குழி போட 7,000, ஷாக் அடித்தால் உடனே அணைக்கிற ஆர்.சி.சி.பி.க்கு 2,500. நிலைக் கதவுகளைத் திருப்புளியால் குத்திப் பார்த்ததில் குளியலறை நிலை செல்லரித்து, பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. புது நிலை, கதவு 14,000. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளி இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன்.

மேல்தளத்தில் 40 சதுர அடிக்குக் கம்பி வேலை 12,000, தட்டட்டி முழுக்க ஓடு 99,000. எல்லாம் கூட்டினால் 1,45,800. ஒரு தாளில் வரிசையாக எழுதி, விற்கிறவர் கையில் கொடுத்தோம். "வீடு பாக்க வந்தீங்களா, எழவு பாக்க வந்தீங்களா" என்று கோபப்பட்டார். ரெண்டு நாள் கழித்து அவரே போன் செய்து 1,10,000 குறைத்துக்கொண்டார். கிரயம் முடிந்து சாவி வாங்கப் போன அன்று பார்த்தால், அந்த அலமாரியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்.