காட்டைக் காப்பாற்றும் கதைகளில் காடு எங்கே?

குழந்தைகளுக்கான காட்டுயிர்க் கதைகள் பலவும் ஒரே வார்ப்பில் வருகின்றன. ஒரு குட்டி விலங்கு, கோடாலியோடு ஒரு கெட்டவன், கொஞ்சம் கண்ணீர், கடைசியில் எல்லா விலங்குகளும் கூடி அவனைத் துரத்தும். குழந்தை கைதட்டும். ஆனால் அந்த விலங்கு என்ன தின்னும், எங்கே குட்டி போடும், இந்த மரம் போனால் இன்னொரு மரம் ஏன் போதாது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, ஏனென்றால் கதையிலேயே அது இல்லை. வாழிட இழப்பைச் சொல்ல வந்த கதையில் வாழிடமே பாத்திரமாக இல்லாததுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

இருவாச்சி என்ற பெரிய பறவையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இருவாச்சி இனங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், எச்சமும் மண்ணும் பழச்சக்கையும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் இரை ஊட்டும். அவ்வளவு பெரிய உடம்பு நுழையும் பொந்து முதிர்ந்த மரத்தில்தான் கிடைக்கும். மரங்கொத்தியைப் போலப் பொந்து குடைய இருவாச்சியால் முடியாது. இதைக் கதையில் சொல்லிவிட்டால், அந்தக் கிழட்டு மரம் விழும்போது என்ன போனது என்று குழந்தைக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. "ஒன்றை வெட்டினார்கள், பத்து நட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது" என்று முடிக்கவும் நமக்குக் கை வராது. இன்று நட்ட கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். இருவாச்சி பழம் தின்று விதை பரப்பும் பறவை என்பதால், அது இல்லாத காட்டில் சில மரங்களும் மெல்லக் குறையும். இவ்வளவும் ஒரே பறவையின் கதைக்குள் இருக்கிறது. இதற்கு மேல் கெட்டவன் எதற்கு?

"அப்புறம் எல்லா விலங்குகளும் வேறு காட்டுக்குப் போய் சந்தோஷமாக வாழ்ந்தன" என்ற முடிவுதான் எனக்கு ஆகவே ஆகாதது. குழந்தையை ஆறுதல்படுத்தச் சொல்வதுதான், புரிகிறது. ஆனால் அந்த வேறு காடு காலியாகவா கிடக்கிறது? ஒரு புலி போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே இன்னொரு புலி எல்லை வகுத்திருக்கும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கின் உறவான பால்செடிகளை மட்டுமே தின்னும். அவை இல்லாத இடம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதற்குப் பட்டினிதான். இந்த முடிவைக் கேட்டு வளரும் குழந்தை, இடம் போனால் விலங்குகள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும் என்றே எடுத்துக்கொள்ளும்.

விலங்குகள் பேசலாமா? பேசட்டும், கதைதானே. ஆனால் சட்டை போட்டு, பள்ளிக்கூடம் போய், பிறந்தநாள் கொண்டாடும் கரடியிடமிருந்து கரடியைப் பற்றி எதுவும் தெரியாது. பட்ரிசியா கனியாவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குகளை மனிதர்களாகச் சித்திரித்த படக்கதைகளைக் கேட்ட சிறு குழந்தைகள் அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைத் தகவல்களைக் குறைவாகவே கற்றார்கள். கரடி பேசினாலும் கரடிக்கு வேண்டியதைப் பற்றிப் பேச வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கெட்டவன் விஷயத்துக்கு வருவோம். வெப்பமண்டலக் காடுகள் அழிவதற்கு முதன்மையான காரணம் பயிர்நிலமும் மேய்ச்சல் நிலமும் விரிவதுதான். அதாவது சாப்பாடு. மீசை முறுக்கும் வில்லனைக் காட்டினால் இது மறைந்துபோகிறது. கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊர்ந்து கடலைச் சேரும்; கரையோர விளக்குகள் எரிந்தால் திசை மாறி நிலத்தின் பக்கம் போய்விடும். விளக்கைப் போட்டவர் கெட்டவரா என்ன? அணைத்தால் தீர்ந்தது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை குறைவு.

வயதைப் பார்க்காமல் பேரழிவைக் கொட்டுவதும் தவறுதான். நான்காம் வகுப்புக்கு முன் பெருந்துயரங்கள் வேண்டாம் என்பது அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபலின் நிலைப்பாடு. ஐந்து வயதில் எறும்புப் புற்றைப் பார்த்து வியக்கட்டும், காடு எரிவதை அப்புறம் சொல்லலாம்.

மறுபக்கம், ஒரே நாளில் காடு மீளும் கதைகளும் உதவாது. பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் வாழும் பொன்னிறச் சிங்க டாமரின் குரங்குகள் 1970களில் சில நூறுதான் இருந்தன. விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்தவற்றை 1984 முதல் காட்டில் விட்டார்கள். துண்டுதுண்டாகக் கிடந்த காடுகளை மரம் நட்டு இணைத்தார்கள், நெடுஞ்சாலைக்கு மேல் மரங்களோடு பாலமே கட்டினார்கள். 2014இல் சுமார் 3,700 ஆன எண்ணிக்கையை மஞ்சள் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் சுமார் 2,500க்கு இறக்கியது. பிறகு 2023இல் ஏறத்தாழ 4,800. ஏறி, சறுக்கி, மறுபடி ஏறும் இந்தக் கதையைப் பத்து வயதுக் குழந்தை நன்றாகவே தாங்கும்.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன நீதி தெரிந்தது?" என்று கேட்காதீர்கள், "மரங்களைக் காக்க வேண்டும்" என்ற மனப்பாட விடைதான் வரும். "குரங்குக்குப் பாலம் எதற்கு, சாலையில் இறங்கி நடந்தால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அல்லது ஒன்றுமே கேட்காமல், குழந்தை கேட்பதற்காகக் காத்திருங்கள்.