என்.எஃப்.எல் ஆட்டத்தில் புதிய கிக்-ஆஃப் விதியைப் புரிந்துகொண்டு பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்-இல், ஆட்டத்தைத் தொடங்க ஓர் அணி எதிரணியை நோக்கிப் பந்தை உதைப்பதே கிக்-ஆஃப். முதலில் பந்தை விட்டுவிட்டு, ஆட்டக்காரர்கள் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பழைய முறையில் உதைக்கும் அணியினர் நெடுந்தூரம் முழு வேகத்தில் ஓடிவந்து எதிரணியினர்மீது மோதியதால், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு ஆளாகும் ஆபத்து மற்றக் கட்டங்களைவிடக் கிக்-ஆஃபில் அதிகமாக இருந்தது. உதைக்கும் இடத்தை 2011-இல் அணியின் சொந்த இலக்குக் கோட்டிலிருந்து எண்ணும் 30-ஆம் யார்டிலிருந்து 35-க்கு நகர்த்தியதால் பந்தை எடுத்து ஓடும் வாய்ப்பு குறைந்ததே தவிர, ஓடிவந்து மோதும் முறை மாறவில்லை.

2024-இல் வந்த விதி அந்த ஓட்டத்தையே வெட்டிவிட்டது. உதைப்பவர் மட்டும் தம் பக்கத்து 35-ஆம் யார்டில் நிற்க, அவருடைய அணியின் மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40-ஆம் யார்டுக் கோட்டில், தடுப்பவர்களுக்கு மிக அருகில் நிற்பார்கள். பந்து தரையையோ அதைப் பிடிப்பவரையோ தொடும்வரை இவர்கள் அசையக்கூடாது என்பதால், அந்த நொடியில் யார் முந்துகிறார் என்று பாருங்கள். ரசனை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பந்து விழும் இடத்தைப் பாருங்கள். இலக்குக் கோட்டுக்கும் 20-ஆம் யார்டுக்கும் இடையில் விழுந்தால் அதை எடுத்து ஆடியாக வேண்டும். அதற்கு முன்பே விழுந்துவிட்டால், பந்து பெறும் அணி தன் 40-ஆம் யார்டிலிருந்து தொடங்கும். இலக்குக் கோட்டுக்குப் பின்னால் உள்ள இலக்குப் பகுதிக்குள் நேரடியாக உதைத்து, அங்கேயே பந்து அடங்கினால், பந்து பெறும் அணிக்கு முதல் ஆண்டில் தொடங்குமிடமாக 30-ஆம் யார்டு கிடைத்தது. உதைக்கும் அணிகள் அதையே வசதியாகப் பயன்படுத்திக்கொண்டதால், 2025-இல் அது 35 ஆக உயர்த்தப்பட்டது.