காரைக்குடியில் படிக்கும் வெளிநாட்டு மாணவரோடு திருச்சபைக் குடும்பங்கள் பழகுவது எப்படி?

அயல்மண்ணில் தனித்திருப்பது என்னவென்று செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நகரத்தார், மனைவி மக்களைப் பிரிந்து, கடையும் தங்குமிடமுமான கிட்டங்கிகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. இன்று அதே தனிமையோடு, அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு இளைஞர்கள் நம் தெருக்களில் நடக்கிறார்கள். அருட்பணி என்றால் கடல் கடந்து போவது என்றே எண்ணிப் பழகிய நமக்கு, நம் வீட்டுத் திண்ணைவரை வந்திருக்கும் இந்த வாய்ப்பு கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலரிடமோ, அறிமுகமான ஒரு பேராசிரியரிடமோ உங்களை இன்ன சபையைச் சேர்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொல்லி அறிமுகம் பெறுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓரிரு மாணவர் போதும். மாணவியரோடு பழகும் பொறுப்பைப் பெண்கள் முன்னின்று ஏற்கட்டும். தொடக்கத்தில் அவர்களுக்குத் தேவைப்படுவது வேதப்பாடம் அன்று. சந்தையில் விலை கேட்க நான்கு தமிழ்ச் சொற்களும், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உடன்வர ஒருவரும், பண்டிகை விடுமுறையில் விடுதிச் சமையல் நின்றுவிடும் நாட்களில் ஒருவேளைச் சாப்பாடும்தான். பொங்கல், தீபாவளி விடுமுறைகளை நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். விடுதி வெறிச்சோடிக் கிடக்கும் அந்த நான்கைந்து நாட்களில் வரும் ஓர் அழைப்பு, ஆண்டு முழுவதும் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களைவிட அவர்கள் நெஞ்சில் நிற்கும்.

சாப்பிட அழைக்கும்போது எதை உண்பார், எதை உண்ணமாட்டார் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறினேன். எத்தியோப்பிய மாணவர் ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அழைத்து, மிளகு அரைத்துக் கோழிக்குழம்பு வைத்திருந்தேன். அவர் கோழியையும் தொடவில்லை, மோரையும் தொடவில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றி, கத்தரிக்காய்க் கூட்டோடு அமைதியாக உண்டார். காரம் தாங்கவில்லை போலும் என்று நான் பதறியபோது, "இல்லை அம்மா, இன்று எங்களுக்கு உபவாசம்" என்றார். அவருடைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதன், வெள்ளி நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவது வழக்கம் என்பதும், அந்நாட்டில் கிறிஸ்தவம் 4-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. வந்தவருக்கு ஆண்டவரை அறிமுகம் செய்யப்போவதாக எண்ணியிருந்த நான், அவர் ஜெபிக்கக் கேட்டுத் தலைகுனிந்திருந்தேன். ஆகவே வருகிறவர் எதையும் அறியாதவர் என்று வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் இஸ்லாமியராகவோ பௌத்தராகவோ இருந்தால், அவருடைய வழிபாட்டைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டறிந்த பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி நமக்குத் தொலைவில் இல்லை. 1647-இல் லிஸ்பனில் பிறந்து, 1693-இல் ஓரியூரில் உயிர்துறந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), இம்மண்ணின் மக்களோடு பழகுவதற்காகத் தமிழ் கற்று, காவியுடுத்தி, புலாலையும் விட்டவர். அந்நியராய் வந்தவரே அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க, விருந்தளிக்கும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது மிகச் சிறிது.

விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம், தூண்டிலாக்கவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் வழக்கமாகச் செய்யும் ஜெபத்தை வழக்கமான அளவிலேயே செய்யுங்கள். விருந்தினர் இருக்கிறார் என்பதற்காக அதைப் பிரசங்கமாக நீட்டாதீர்கள். அவராகக் கேட்டால், அவருடைய மொழியிலேயே லூக்கா சுவிசேஷத்தைத் தேடிக் கொடுத்து, வாரம் ஓர் அதிகாரம் சேர்ந்து வாசிக்கலாம். 24 அதிகாரங்கள் இருப்பதால் ஏறக்குறைய ஆறு மாதம் நிதானமாகப் பேச முடியும். ஆராதனைக்கு வர விரும்பினால், பக்கத்தில் அமர்ந்து வேதபகுதியைக் கைபேசியில் காட்டவும், பிரசங்கத்தின் சாரத்தை மெல்லச் சொல்லவும் ஒருவர் இருக்கட்டும். வரவில்லை என்றாலும் அடுத்த அழைப்பு தவறக் கூடாது. உதவிக்கு விலையாக வருகையைக் கேட்பது நட்பும் ஆகாது, சாட்சியும் ஆகாது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது பிறரை மதம் மாற்றும் உரிமை அன்று என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நற்செய்தியைச் சொல்வதோடு நம் கடமை முடிகிறது; முடிவு அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது.

சட்டம் சார்ந்த சில எச்சரிக்கைகளும் உண்டு. வெளிநாட்டவரை இரவு தங்கவைத்தால், அது வீடே ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தைக் குடிவரவு அலுவலகத்துக்கு இணையவழி அளிக்க வேண்டும் (2025 வரை இது 'படிவம் சி' எனப்பட்டது). மாணவர் விசா படிப்புக்கு மட்டும் உரியது. எனவே அவரைக் கிராம ஊழியத்துக்கோ நற்செய்திக் கூட்டத்தில் பேசவோ அழைத்துச் செல்லாதீர்கள். கடவுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதாகக் கூறி வாங்கி வைக்காதீர்கள். அவருடைய படத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "ஜெபியுங்கள், இவர் தொடப்படுகிறார்" என்று எழுதுவதை அறவே தவிருங்கள். சிலருக்கு அது சொந்த ஊரில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

படிப்பு முடிந்து புறப்படும் நாளில் வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போங்கள். விடியற்காலை சென்னைக்குப் புறப்படும் பல்லவன் ரயிலில் ஏறுபவருக்குப் புளியோதரையும் சீயமும் கட்டிக்கொடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் காணொளியில் அழைத்து அவருடைய தாயாரோடு ஒருமுறை பேசுங்கள். இரு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்ல இந்த முறை அவர் அருகில் இருப்பார்.